சாம்பல் நகராது: உக்கடம் முதல் வால்பாறை வரை காக்கை பார்த்தல்

முதல் நாள் – உக்கடம்

கொங்கு நாட்டில் காக்கை என்றால் இரண்டு. கழுத்தும் மார்பும் சாம்பலாக உள்ள ஊர்க்காக்கை ஒன்று. அலகு முதல் வால் வரை கறுப்பாக உள்ள அண்டங்காக்கை இன்னொன்று. இதைப் பிரிக்கத் தெரியாதா என்று சிரிப்பவர்களின் பறவைப் பட்டியலிலும் இவை இடம் மாறிக் கிடப்பதுண்டு. கொக்கையும் மீன்கொத்தியையும் உற்றுப் பார்ப்பவர்கள் காக்கைக்கு ஒரு நொடிக்கு மேல் கொடுப்பதில்லை. அதனால் பயணத்தை ஊர்க்காக்கையிலிருந்தே தொடங்குவது நல்லது. ஊர்க்காக்கையை முழுசாகப் பார்த்து முடித்தவருக்கு அண்டங்காக்கை பாதி தெரிந்த மாதிரி.

கோவை உக்கடம் மீன் மார்க்கெட்டுப் பக்கம் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் உங்கள் முதுகில் படும்படி, பறவையிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்றால் பைனாகுலர்கூட வேண்டியதில்லை. பார்க்க வேண்டிய வரிசை இது: நெற்றி, உச்சி, முகம், தொண்டை எல்லாம் மினுங்கும் கறுப்பு. பிடரி, கழுத்தின் இரு பக்கம், மார்பு, இவை சாம்பல். சிறகும் வாலும் மறுபடி கறுப்பு. தொண்டையின் கறுப்பு மார்பின் மேல்பகுதி வரை இறங்கி முடியும். அந்த இடத்தில் ஒரு விளிம்பு இருக்கும். அந்த விளிம்பைக் கண்ணால் தொட்டுவிட்டால் அடையாளம் முடிந்தது.

நம் பக்கத்து ஊர்க்காக்கை தென்னிந்திய உள்ளினம், புரோட்டிகேட்டஸ் என்று பெயர். வடஇந்தியக் காக்கையைவிட இதன் சாம்பல் அடர்ந்தது. தில்லிக் காக்கையின் வெளிறிய கழுத்தைப் படத்தில் பார்த்துப் பழகியவர்கள், வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்கும் நம் காக்கையை அண்டங்காக்கை என்று எழுதிவிடுவது இதனால்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அண்டங்காக்கையின் இறகில் நல்ல பளபளப்பு. பக்கவாட்டு வெயில் பட்டால் கழுத்து வெள்ளி போல அடிக்கும், தொலைவிலிருந்து சாம்பல் என்றே தோன்றும். இதற்கு ஒரே சோதனை, பறவை திரும்பும்வரை காத்திருப்பது. வெளிச்சத்தால் வந்த வெளுப்பு பறவை திரும்பியதும் இடம் மாறும், சில சமயம் மறைந்தே போகும். இறகின் சாம்பல் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே இடத்தில், அதே விளிம்போடு இருக்கும். சாம்பல் நகராது, பளபளப்பு நகரும். இந்தப் பயணத்தில் மனப்பாடம் செய்ய ஒன்றே ஒன்று போதும் என்றால் இதைத்தான் சொல்வோம்.

மீன் கழிவுக்குக் கள்ளப்பருந்தும் இறங்கும். அதைக் காக்கையோடு சேர்த்துப் பாருங்கள். ஊர்க்காக்கை சுமார் 40 செ.மீ., அண்டங்காக்கை 48 செ.மீ. பக்கம், கள்ளப்பருந்து 55 முதல் 60 செ.மீ. இந்த அளவு வரிசை நான்காம் நாள் திம்பம் மலையில் தேவைப்படும்.

சாயங்காலம் உக்கடம் பெரியகுளத்துக் கரையில் கறுப்புப் பறவைகள் வரிசையாகப் போகும். தலையை நீட்டி, கழுத்து நீளமாகத் தெரிய, கோடு பிடித்தாற்போல் போனால் அவை நீர்க்காகங்கள். பெயரில் காகம் இருந்தாலும் காக்கைக் குடும்பத்துக்கும் அதற்கும் உறவில்லை. அடையப் போகும் காக்கைகள் கோடு பிடிக்காது. சிதறலாக, முன்னும் பின்னுமாக, நடுநடுவே ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும்.

இரண்டாம் நாள் – காங்கேயம்

காங்கேயத்தைச் சுற்றியுள்ள கொறங்காடுகளில் கிளுவை வேலி, வெள்வேலமரம், கொழுக்கட்டைப் புல், நடுவே மாடு. மாட்டின் முதுகிலும் காதோரத்திலும் காக்கை உட்கார்ந்து உண்ணி பொறுக்குகிறது. மாட்டுக்காரர்கள் விரட்டுவதில்லை. புண் இருக்கும் மாடு என்றால் மட்டும் உடனே விரட்டுகிறார்கள். உண்ணி எடுக்க வந்தது புண்ணையும் கொத்தும்.

இங்கே மரம் குறைவு, வானம் அதிகம். அதனால் வெளிச்சம்தான் எதிரி. பத்து மணிக்கு மேல் மரக்கிளையில் உட்காரும் எந்தப் பறவையும் வெறும் நிழலுருவம். கேமரா வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பின்னால் வெளுத்த வானம் இருந்தால் கேமரா வானத்துக்கு அளவெடுத்துப் பறவையைக் கரியாக்கிவிடும், ஊர்க்காக்கையின் கழுத்தும் கறுத்துப் போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, 1 முதல் 2 ஸ்டாப் வரை கூட்டுங்கள். பின்னால் அடர்ந்த புளியமரம் இருந்தால் கதை தலைகீழ்: கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி, அண்டங்காக்கையின் கழுத்தைச் சாம்பலாக்கிக் காட்டும். அங்கே அரை ஸ்டாப் குறைக்க வேண்டும். செல்போன் படங்களில் இரண்டு கோளாறும் தானாகவே நடக்கும். திரையில் காக்கையின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கையால் நகர்த்திக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் ஒரே படத்தை வைத்து இனம் சொல்லாதீர்கள். பறவை திரும்பத் திரும்ப மூன்று நான்கு எடுத்தால்தான் சாம்பல் நகர்கிறதா இல்லையா என்று தெரியும்.

வைகாசியில் வருபவர்களுக்கு இன்னொரு சிக்கல், குஞ்சுகள். கூட்டைவிட்டு வெளிவந்த ஊர்க்காக்கைக் குஞ்சுக்கு மினுமினுப்பு இல்லை. சாம்பலும் தெளிவாக இருக்காது, பழுப்பு கலந்து கறுப்போடு கரைந்து போயிருக்கும். நேற்று சொன்ன விளிம்பைத் தேடினால் கிடைக்காது. அண்டங்காக்கைக் குஞ்சுக்கோ அலகு முழு அளவுக்கு வளர்ந்திருக்காது, அதனால் முகவெட்டு ஊர்க்காக்கை மாதிரியே தோன்றும். குஞ்சு என்று எப்படித் தெரியும்? கடைவாயில் இளஞ்சிவப்புத் தடிப்பு, வாய் திறந்தால் உள்ளே சிவப்பு, கண் கருமையாகாமல் நீலம் கலந்த சாம்பல், சிறகை நடுக்கி இரை கேட்கும் குரல். இப்படிப்பட்டது கண்ணில் பட்டால் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஊட்ட வரும் காக்கையைப் பாருங்கள்.

ஊட்ட வருவதை நம்பலாம் என்றால், குயில் ஒன்று இருக்கிறதே. ஊர்க்காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவது ஊரறிந்தது. அண்டங்காக்கைக் கூட்டிலும் இடும். குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரியும், காக்கை முட்டைக்கு 16, 17 நாளாகும். அந்தச் சில நாள் முந்துதலில்தான் குயில் குஞ்சு பிழைத்துக்கொள்கிறது. கூட்டைவிட்டு வந்த குயில் குஞ்சு கறுப்பாகவே இருக்கும், பெரிய குயிலின் சிவந்த கண்ணும் வெளிர்பச்சை அலகும் அதற்கு இன்னும் வந்திருக்காது. காக்கை ஊட்டுவதைப் பார்த்தால் காக்கைக் குஞ்சு என்றே தோன்றும். பிரிக்க இரண்டு இடம் பாருங்கள். ஒன்று மூக்கு: காக்கையின் மேலலகு அடியில் முன்னோக்கிப் படுத்த முடியிழைகள் நாசித்துளையை மூடியிருக்கும், குயிலுக்கு அது கிடையாது. இன்னொன்று கால்: காக்கைக்கு முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று. குயிலுக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது பைனாகுலரில் விரலை எண்ணிவிடலாம். வாலும் குயிலுக்கு நீளம்.

வேலியடியில் நடந்து போகும், செம்பழுப்புச் சிறகும் சிவந்த கண்ணுமாக உள்ள பெரிய கறுப்புப் பறவை செம்போத்து. அதுவும் காக்கை இல்லை, குயில் வகை. காக்கையின் முதுகில் மோதி விரட்டிக்கொண்டு போகும் சின்னக் கறுப்புக் குருவி கரிச்சான். அதன் நீளம் வால் பிளவோடு சேர்த்து 28 செ.மீ. தனியாகப் பறக்கும் காக்கையின் அளவைக் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டுமென்றால், பின்னால் வரும் கரிச்சானை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம்.

கூடு இருக்கும் மரத்தடியில் நிற்காதீர்கள். இரண்டு இனமும் பின்னாலிருந்து வந்து தலையில் அடிக்கும். நேருக்கு நேர் பார்த்தால் பெரும்பாலும் திசை மாற்றிக்கொள்ளும். குடை இருந்தால் விரித்துக்கொண்டு விலகுவது உத்தமம். ஊர்க்காக்கைக் கூட்டில் குச்சியோடு கம்பித் துண்டும் இருக்கும். கீழே விழுந்து கிடக்கும் பழைய கூட்டில் கட்டுக்கம்பி கிடைத்தால் ஊர்க்காக்கையினது என்று ஓரளவு சொல்லலாம், உறுதி சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் – பவானி கூடுதுறை

இரண்டையும் ஒரே படியில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வேண்டுமா, கூடுதுறைக்கு அமாவாசையன்று வாருங்கள். காவிரியும் பவானியும் சேரும் இடத்தில் திதி கொடுப்பவர்கள் வைக்கும் பிண்டச் சோற்றுக்கு ஊர்க்காக்கையும் வரும், கரையோரத் தென்னந்தோப்புகளிலிருந்து அண்டங்காக்கையும் வரும். ஆடி அமாவாசையில் மனிதக் கூட்டம் நெரிப்பதால் காக்கை கீழே இறங்கவே யோசிக்கும். சாதாரண அமாவாசையே நல்லது. சடங்கு செய்பவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாமல், பாறை விளிம்புப் பக்கம் ஒதுங்கி உட்காருங்கள்.

முதலில் முகவெட்டு. அண்டங்காக்கையின் அலகு கனத்தது, மேல்விளிம்பு நடுவிலிருந்தே வளைந்து இறங்கும். அலகு முடியும் இடத்தில் நெற்றி செங்குத்தாக எழும்பும். ஊர்க்காக்கைக்கு அலகிலிருந்து நெற்றிக்குப் போகும் கோடு சரிவாக இருக்கும். ஆனால் ஊர்க்காக்கையின் அலகும் ஒன்றும் மெல்லியதல்ல. தனியாகப் பார்த்தால் “என்ன தடித்த அலகு” என்றுதான் தோன்றும். பக்கத்தில் அண்டங்காக்கை வந்து உட்கார்ந்த பிறகுதான் வித்தியாசம் புரியும். ஆகவே தனிப் பறவையின் அலகை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

நெற்றி இன்னும் ஏமாற்றும். தலை இறகை நிமிர்த்துவதும் படிய வைப்பதும் காக்கையின் இஷ்டம். பயந்தாலோ, குளித்து நனைந்தாலோ, பறக்கும்போதோ அண்டங்காக்கையின் நெற்றி படிந்து சரிவாகிவிடும். கோதிக்கொண்டோ கொஞ்சிக்கொண்டோ இருக்கும் ஊர்க்காக்கை உச்சியைப் புடைத்து உருண்டைத் தலையாகிவிடும். கூடுதுறையில் எல்லாமே ஆற்றில் குளித்துவிட்டு வருவதால் இந்தக் குழப்பம் கண்முன்னே நடக்கிறது. நனைந்த ஊர்க்காக்கையின் சாம்பலும் கறுத்துவிடும், உலர்ந்த பிறகுதான் பழைய நிறம் திரும்பும். காற்றடித்தால் அண்டங்காக்கையின் பிடரி இறகு கலைந்து, அடிப்பகுதியின் மங்கல் நிறம் திட்டாகத் தெரியும். இறகு மறுபடி படிந்ததும் திட்டு காணாமல் போகும்.

பிறகு குரல். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஊர்க்காக்கையின் “கா, கா” தட்டையானது, மூக்கிலிருந்து வருவது, வேகமாக அடுக்கும். அண்டங்காக்கையின் “க்ரா” அடித்தொண்டையிலிருந்து வருவது, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு, கரகரப்போடு. இது பொதுவான நிலைமை. கோபத்தில் இரண்டும் குரல் மாற்றும். அண்டங்காக்கைக்கு வேறு பல ஒலிகளும் உண்டு, மரத்தைத் தட்டுவது போன்ற கடகடப்பும் அதில் அடக்கம். செல்போனில் பதிவு செய்வதானால் ஆற்றிரைச்சலுக்கு முதுகைக் காட்டி நின்று, குறைந்தது 30 நொடி எடுங்கள். ஒரு “கா”வை வைத்துப் பறவைக்குரல் செயலி சொல்லும் பெயரை நம்பாதீர்கள். அடுக்கு வேகமும் இடைவெளியும் தெரிகிற நீளம் வேண்டும்.

நடத்தையில் ஒரு சின்னக் குறிப்பு: சோறு வைத்ததும் ஊர்க்காக்கை கூட்டமாக இறங்கும். அண்டங்காக்கை பெரும்பாலும் ஒன்றும் இரண்டுமாக, மரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரும். வந்தபின் மற்றவை வழிவிடும். அண்டங்காக்கை காட்டுப்பறவை, ஊருக்குள் வராது என்ற எண்ணம் இங்கே ஒரே காலையில் உடைந்துவிடும். தென்னிந்தியாவில் அது தோப்பு, தோட்டம், டவுன் எல்லாவற்றிலும் இருக்கிறது. இடத்தை வைத்து இனம் சொல்வது நம் ஊரில் செல்லாது.

பெயர் பற்றி ஒரு வரி. நம் அண்டங்காக்கையைச் சில பட்டியல்கள் கோர்வஸ் குல்மினேட்டஸ் என்று தனி இனமாக வைத்திருக்கின்றன, சில பட்டியல்கள் கோர்வஸ் மேக்ரோரிங்கோஸ் என்ற பெரிய இனத்துக்குள் அடக்கியிருக்கின்றன. களத்தில் இது எதையும் மாற்றாது. நீங்கள் பயன்படுத்தும் பட்டியலில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை எழுதுங்கள்.

நான்காம் நாள் – பண்ணாரி, திம்பம்

பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உள்ள சாலை, யானையும் சிறுத்தையும் கடக்கும் சாலை. வளைவில் வண்டியை நிறுத்தக் கூடாது, காட்டுக்குள் இறங்கவும் கூடாது. மேலே ஊர்ப்பக்கம் வந்தபின் நின்று பார்த்தால் போதும், ஏனென்றால் இன்று பார்க்க வேண்டியது வானத்தில்.

மலைச்சரிவில் வெயிலேறி வெப்பக்காற்று எழும்பும்போது அண்டங்காக்கை சிறகை விரித்து வட்டமடிக்கும். ஊர்க்காக்கை அப்படி மிதப்பது அபூர்வம், அது அடித்து அடித்துத்தான் பறக்கும். மிதக்கும் அண்டங்காக்கைக்குச் சிறகு அகலம், நுனியில் விரல் விரித்தது போல இறகுகள் பிரிந்து தெரியும், வால் நுனி வட்டமாக இருந்து நடுவில் சற்றே நீளும். இதைப் பார்த்ததும் “ரேவன்” (இன்னும் பெரிய கறுப்புக் காக்கை இனம்) என்று கத்துபவர்கள் இருக்கிறார்கள்.

கொங்கு நாட்டில் ரேவன் கிடையாது. இந்தியாவில் அது இமயமலையிலும் வடமேற்கின் வறண்ட பகுதியிலும் வாழும் பறவை. நீளம் 54 முதல் 67 செ.மீ., அதாவது உக்கடத்தில் பார்த்த கள்ளப்பருந்துக்குச் சமம் அல்லது மேல். வால் விரிந்தால் தெளிவான ஆப்பு வடிவம். தொண்டையில் தாடி போலத் தொங்கும் கலைந்த இறகு. குரல் “கா” என்ற ஜாதியே அல்ல, ஆழமான கரகரத்த உறுமல். திம்பத்து வானில் பருந்தும் காக்கையும் ஒன்றாக வட்டமடிக்கும்போது காக்கை சிறியது என்று உடனே தெரிகிறது. அந்த ஒப்பீடு ஒன்றே கேள்வியை முடித்துவிடும். ஒப்பிடப் பருந்து இல்லாதபோது வாலை நம்பத் தோன்றும், அங்கேதான் சறுக்கல். இனப்பெருக்கம் முடிந்து இறகு உதிரும் பருவத்தில் வாலின் ஓர இறகுகள் குட்டையாக வளர்ந்துகொண்டிருந்தால், வட்ட வாலும் ஆப்பு வால் மாதிரிக் காட்டும். சிறகில் இடைவெளி, பழுப்பேறிய பழைய இறகு, ஒழுங்கில்லாத விளிம்பு இவை தெரிந்தால் அது இறகு மாற்றும் பறவை. அதன் வால் வடிவத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

காட்டில் ஒரே இடத்தில் அண்டங்காக்கைகள் கூடிக் கத்தினால் கீழே புலியோ சிறுத்தையோ செந்நாயோ அடித்துப்போட்ட இரை இருக்கலாம் என்பது காட்டில் திரிபவர்களுக்குப் பழைய பாடம். ஆகவே அந்தச் சத்தத்தை நோக்கிப் போகக் கூடாது. ஆந்தையையோ கழுகையோ சூழ்ந்துகொண்டு கத்துவதும் உண்டு. அப்போது சத்தம் மரத்துக்கு மரம் நகரும். இரைக்குக் கத்துவது இடத்திலேயே நிற்கும்.

ஐந்தாம் நாள் – ஆழியாறு, வால்பாறை

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். ஏறுவதற்கு முன் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளில் வால் காக்கையைப் பார்த்துவிடலாம். காக்கைக் குடும்பத்தில் நம் பகுதிக்கு உள்ள மற்ற உறுப்பினர்களில் ஒன்று இது. தலை கரும்புகை நிறம், உடம்பு செம்பழுப்பு, சிறகில் வெளிர்சாம்பல் பட்டை, நீண்ட வாலின் நுனி கறுப்பு. நீளம் 46 முதல் 50 செ.மீ., அதில் பாதிக்கு மேல் வால்தான். உடம்பு மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இலைக்கூட்டத்துக்குள் இருந்து மணியடித்தாற்போல் “கோ-கி-லா” என்று வரும் குரல் இதனுடையது, சில நேரம் கரகரப்பாகக் கத்தவும் செய்யும்.

மேலே சோலைக்காட்டு ஓரங்களில் வெண்வயிற்று வால் காக்கை. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் பெரும்பாலும் வேறெங்கும் இல்லாதது. தலையும் வயிறும் வெள்ளை, முகமும் தொண்டையும் கறுப்பு, சிறகு கறுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளித்திட்டு. கீழே பார்த்த வால் காக்கையின் தலை கருத்தது, இதன் உச்சி வெள்ளை. இந்த ஒன்று போதும், குழப்பத்துக்கே இடமில்லை. இதைத் தேடுபவர்கள் துடுப்புவால் கரிச்சானின் சத்தத்தைப் பின்பற்றலாம், இரண்டும் ஒரே வேட்டைக் கூட்டத்தில் சேர்ந்து திரியும் பழக்கம் உண்டு.

தேயிலைக்கு மேலே நிற்கும் சில்வர் ஓக் உச்சியில் உட்காரும் கறுப்புப் பறவைகளில் மலைமைனாவும் இருக்கும். பறந்தால் சிறகில் வெள்ளை, உட்கார்ந்தால் தலையில் மஞ்சள் தோல்மடிப்பு, நீளம் 30 செ.மீ.க்குள். பள்ளத்தாக்கின் மேல் சிறகடிக்காமல் மெதுவாக நழுவிப்போகும் பெரிய கறுப்புப் பறவையை அண்டங்காக்கை துரத்தினால், முன்னால் போவது கருங்கழுகு. மஞ்சள் காலும் நீண்ட வாலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட் முழுக்க அண்டங்காக்கைதான். ஊர்க்காக்கை கடைவீதி, பஸ் ஸ்டாண்டு, குப்பைமேடு என மனிதரை ஒட்டியே நிற்கிறது. வால்பாறை போன்ற இடத்தில் பட்டியல் எழுதும்போது கடைவீதிக்கு ஒரு பட்டியல், எஸ்டேட்டுக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து எழுதுங்கள். நான்கு கிலோமீட்டர் சுற்றியதை ஒரே பட்டியலில் கொட்டினால் எந்தக் காக்கை எதுவரை ஏறியிருக்கிறது என்ற தகவலே போய்விடும். எண்ணிக்கையைப் போடுங்கள், எண்ணாமல் ‘இருந்தது’ என்று மட்டும் காட்டும் பெருக்கல் குறி (X) வேண்டாம். மூடுபனியில் குரலும் கேட்காமல் சாம்பலும் தெரியாமல் பறந்து போனதை “காக்கை, இனம் தெரியவில்லை” என்ற பதிவில் சேருங்கள், அதற்கென்றே பட்டியலில் ஓர் இடம் இருக்கிறது. அண்டங்காக்கை என்று பதிவிடும் ஒவ்வொரு முறையும் குறிப்பில் எதை வைத்து எழுதினீர்கள் என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும்: பிடரி பார்த்தது, குரல் கேட்டது, ஊர்க்காக்கைக்குப் பக்கத்தில் இருந்தது.